ஆச்சியின் பெயர் என்ன?

போன மாரியில் அக்காவின் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ஹோம்வேர்க் கொண்டுவந்தாள். குடும்ப மரம் வரைய வேண்டும். நான் அவளுடைய வயதில் அதே வேலையைச் செய்து மூன்று வரிசையோடு நின்றுபோனவன். அதனால் இந்த முறை அவளைக் கூட்டிக்கொண்டு ஹரோவில் இருக்கும் அம்மம்மாவிடம் போனேன். அம்மம்மாவுக்குத் தொண்ணூறு வயது. நேற்றுச் சாப்பிட்டது மறக்கும், 1945இல் வளவில் நின்ற மாமரம் மறக்காது.

தன் தகப்பன் பெயர், தாயின் பெயர், தகப்பனின் தகப்பன் பெயர் எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னா. தகப்பனின் தகப்பன் ஊரில் சட்டம்பியார். சட்டம்பியார் என்றால் அந்தக் காலத்து வாத்தியார்.

"அவற்ற மனுசியின்ர பேர் என்ன அம்மம்மா?"

"ஆச்சி."

"அது முறை. பேர்?"

அம்மம்மா கொஞ்ச நேரம் யோசித்தா. "ஆச்சியை ஆச்சி எண்டுதான் கூப்பிட்டனாங்கள். ஆச்சியைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதே?"

ஆச்சி 1940களின் நடுப்பகுதி வரை உயிரோடு இருந்தவ. அம்மம்மாவுக்குத் தலை இழுத்து, பேன் பார்த்து, பனங்காய்ப் பணியாரம் சுட்டுக் கொடுத்தவ. அந்த மனுசியின் பெயர் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று அன்றுதான் தெரிந்தது. பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று மேலே மேலே முறைச்சொல் வைத்திருக்கிற மொழி நம்முடையது. ஆனால் பெயர் வழி தகப்பன் பக்கம்தான் போகிறது. என் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர். அப்பாவின் கடைசிப் பெயர் அப்பப்பாவுடையது. ஒரு ஆணின் பெயர் குறைந்தது மகனின் முதலெழுத்தாகவாவது மிஞ்சும். பெண்ணின் பெயருக்கு அந்த இடம்கூட இல்லை.

மருமகளின் வகுப்புத் தோழிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவளுடைய தகப்பன் அரை மணித்தியாலத்தில் 1911ஆம் ஆண்டுப் படிவத்தைத் திரையில் எடுத்துவிட்டாராம். பிரித்தானியாவில் 1801இலிருந்து பத்து ஆண்டுக்கு ஒருமுறை சென்சஸ், அதாவது குடிசன மதிப்பு, எடுக்கிறார்கள். 1841இலிருந்து ஆட்களின் பெயர்களோடு பதிவுகள் இருக்கின்றன. 1911இலிருந்து வீட்டுக்காரர் தன் கையால் நிரப்பிய தாளையே பார்க்கலாம். பூட்டனின் கையெழுத்து, மை ஊறிய இடம் எல்லாம் தெரியும். அந்த ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதி இரவு, வாக்குரிமை தராத அரசாங்கத்தின் கணக்கில் நாங்கள் வரமாட்டோம் என்று பல பெண்கள் வீட்டைவிட்டு வெளியே போய் நின்றார்கள். எமிலி வைல்டிங் டேவிசன் என்பவர் பாராளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு அலுமாரியில் ஒளித்திருந்தார். அவரைக் கண்டுபிடித்து அந்தக் கட்டடத்தில் தங்கியவராகப் பதிந்தும் விட்டார்கள்.

இங்கேயும் ஓட்டைகள் உண்டு. நூறு ஆண்டு கழிந்தபின்தான் படிவங்களைத் திறப்பார்கள். 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஜனவரியில் வெளியாகின. அடுத்தது 1931 என்று காத்திருக்க முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் அந்த ஆண்டுத் தாள்கள் 1942 டிசம்பரில் ஹேய்ஸில் நடந்த ஒரு தீவிபத்தில் எரிந்துபோயின. குண்டு போட்டதால் வந்த தீ இல்லை. 1941இல் போர் என்பதால் கணக்கே எடுக்கவில்லை. எங்கள் அப்பா இங்கே முதன்முதலில் கணக்கில் வந்தது 1991இல். அதைப் பார்க்க 2092 வரை இருக்க வேண்டும்.

சரி, ஆச்சி வாழ்ந்த இலங்கையில்? அங்கேயும் 1871இலிருந்து முறையாகக் குடிசன மதிப்பு நடந்தது. முதல் கணக்கில் 24 இலட்சம் பேர். 1901 மார்ச் 1ஆம் திகதிக் கணக்கில் 35 இலட்சத்து 65 ஆயிரத்துக்கு மேல். ஆச்சி அப்போது இளம் பெண். அந்த எண்ணுக்குள் அவவும் ஒருத்தி.

1901ஆம் ஆண்டுக் கணக்கை நடத்தியவர் ஒரு தமிழர், பொன்னம்பலம் அருணாசலம். கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் படித்தவர். போட்டிப் பரீட்சை எழுதி இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர். பிறகு இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரும் ஆனவர். அவர் எழுதிய குடிசன அறிக்கை வெறும் எண் இல்லை. நாட்டின் வரலாறு, சமயங்கள், சனங்களின் பழக்கவழக்கம் எல்லாம் அதில் இருக்கிறது. நான் ஒரு வார இறுதி முழுக்க அதை வாசித்தேன். இங்கே ஒரு சின்னச் செய்தி சொல்ல வேண்டும். அருணாசலத்தின் தாயாருடைய சகோதரர் முத்துக் குமாரசுவாமி. அவருடைய மகன்தான் கலை வரலாற்றில் பெரிய பெயர் எடுத்த ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்து, இரண்டு வயதிலேயே தாயோடு இங்கிலாந்துக்கு வந்து, இங்கே வளர்ந்தவர். இந்தப் பக்கம் 1881, 1891 கணக்கெடுப்புகள் நடந்தபோது அவர் சிறுவன். அந்தப் பக்கம் அவருடைய மச்சான் ஒரு நாட்டையே எண்ணினார். பழைய சென்சஸைத் தேடிப் பழக வேண்டும் என்றால் முதலில் ஆனந்த குமாரசுவாமியின் பெயரைத் தேடிப் பாருங்கள். எத்தனை விதமாக எழுத்துக்கூட்டலாம் என்று யோசிப்பதே நல்ல பயிற்சி.

ஆனால் அருணாசலத்தின் கணக்கில் ஆச்சியைப் பெயரோடு பார்க்க முடியாது. வீடு வீடாக எழுதிய தாள்கள் இன்று நம் கைக்கு வருவதில்லை. கூட்டி எடுத்த அட்டவணைகள்தான் அச்சில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் இத்தனை பெண்கள், இத்தனை பேருக்கு எழுத வாசிக்கத் தெரியும் என்பதோடு சரி. 1911இல் ஈ. பி. டென்ஹாம் நடத்திய கணக்கில் ஊர் ஊராகப் பிரித்த அட்டவணைகளும் உண்டு. எங்கள் ஊரைக் கண்டபோது சந்தோசமாக இருந்தது. அதற்குமேல் அது ஒன்றும் சொல்லவில்லை.

அதே 1911இல் இன்னொன்று நடந்தது. முதன்முறையாகத் தமிழரை 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று இரண்டு நிரலாகப் பிரித்தார்கள். ஏறக்குறைய 5 இலட்சத்து 28 ஆயிரம், 5 இலட்சத்து 31 ஆயிரம். கிட்டத்தட்டச் சரிபாதி. அச்சில் பார்க்க ஒரு கோடுதான். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அந்தக் கோட்டின் மற்றப் பக்கத்தில் இருந்த மலையக மக்களிடம் கேட்டது என்ன தெரியுமா? உன் தகப்பன் இலங்கையில் பிறந்தானா? இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவனுடைய தகப்பனும் இங்கே பிறந்தவர்களா? கடதாசி காட்டு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த ஒரு மனுசனிடம் பூட்டனின் பிறப்புப் பதிவு எப்படி இருக்கும்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். பல்கலைக்கழகத்தில் என்னோடு பொறியியல் படித்த ஒருவனின் குடும்பம் அப்படிப்பட்டது. குடும்ப மரம் வரைவது எங்கள் வீட்டில் ஹோம்வேர்க். அவனுடைய தாத்தாவுக்கு அதுதான் வழக்கு. குடிசன அட்டவணையைச் சும்மா எண் என்று நான் இப்போது நினைப்பதில்லை.

ஆச்சிக்கு வருவோம். பெயர் வேண்டும் என்றால் வரி வாங்கியவனிடமும் காணி பதிந்தவனிடமும்தான் கேட்க வேண்டும். ஆட்களை எண்ணியவனுக்குத் தொகை போதும். வரி கேட்பவனுக்குப் பெயர் வேண்டும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தில் காணிகளையும் குடும்பங்களையும் எழுதி வைத்த பதிவேட்டைத் தோம்பு என்று சொல்வோம். போர்த்துக்கேயச் சொல்தான். லிஸ்பனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயர் இன்றைக்கும் 'தோம்புக் கோபுரம்' என்றுதான் பொருள்படும்.

அடுத்தது உறுதி. நொத்தாரிசு எழுதித் தருகிற காணிப் பத்திரம். இதில்தான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. யாழ்ப்பாணத்துக்கு என்று தேசவழமை என்ற சட்டம் ஒன்று உண்டு. ஊர் வழக்கங்களைக் கேட்டு 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி எழுதித் தொகுத்தது. அதன்படி மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த காணி அவளுடைய பெயரில் இருக்கும். அவளிடமிருந்து அவளுடைய மகளுக்குப் போகும். வாய்ப்பேச்சில் பெயர் தொலைந்த பெண்கள் சீதன உறுதியில் பெயரோடும் பரப்புக் கணக்கோடும் நாலு எல்லையோடும் இருக்கிறார்கள். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். பக்கத்துக் காணி யாருடையது என்று எல்லையில் எழுதுவதால் அயலட்டைப் பெண்களின் பெயரும் கிடைக்கும். சீதனத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. இந்த ஒரு விசயத்தில் மட்டும் நன்றி சொல்லலாம்.

எங்கள் உறுதிகள் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே எழும்பி மழைக்குள் நடந்தபோது அம்மம்மா குழந்தைகளுக்கான பால்மாவையும் ஒரு பானையையும் தூக்கினா. பெட்டி நின்றுவிட்டது. திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை.

எனவே கியூ. டிஸ்ட்ரிக்ட் லைனில் கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் தேசிய ஆவணக் காப்பகம். பலர் யூஸ்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போய் இந்தியா அலுவலகப் பதிவுகளில் இலங்கையைத் தேடுவார்கள். நானும் முதலில் அந்தப் பிழையை விட்டேன். இலங்கை 1802இலிருந்து முடிக்குரிய தனிக் குடியேற்றநாடு. அதன் கடிதப் போக்குவரத்துக் குடியேற்ற அலுவலகத்தோடு. அவை 'சிஓ 54' முதலான இலக்கங்களில் கியூவில் இருக்கின்றன. வாசகர் அட்டை எடுக்க வேண்டும். பேனை கொண்டுபோக முடியாது, பென்சில் மட்டும்தான்.

நான் கேட்டது பழைய இலங்கை அரசாங்க வர்த்தமானி. மொத்த மொத்தமான தொகுதிகள். யாருக்கு நியமனம், எந்தக் காணி ஏலம் என்று வாராவாரம் போட்டிருப்பார்கள். சொத்துள்ள ஒருவர் இறந்தால் அதை நிர்வகிக்க யார் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறார் என்ற அறிவித்தலும் வரும். சட்டம்பியார் 1919இல் செத்தவர் என்று அம்மம்மாவுக்குத் தெரியும். ஊர்ப் பெயரும் தெரியும். தகப்பன் பெயர் முறையால் அவருடைய பெயரும் தப்பியிருந்தது.

தேடலை ஒரு கணினி நிரலால் சுகமாக்கலாம் என்று என் தொழில் புத்தி சொன்னது. பெயர்களை ஒலிப்படி தொகுக்கும் சவுண்டெக்ஸ் என்ற முறை அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்றது. அமெரிக்கக் குடிசனப் படிவங்களுக்குச் சுட்டி போட அதைத்தான் பாவித்தார்கள். ஆனால் அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். நம்முடைய வேலுப்பிள்ளையை ஒரு கிளாக்கர் வீ போட்டு எழுதுவார், இன்னொருவர் டபிள்யூ போடுவார். இரண்டும் இரண்டு பெட்டிக்குள் போய்விடும். 'பிள்ளை' வேறு 'புள்ளே' ஆகியிருக்கும். எழுத்துக்கூட்டல் பட்டியல் ஒன்று செய்து, இணையத்தில் ஸ்கேன் செய்து கிடந்த நூல்களில் ஓடவிட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் சனிக்கிழமைகளில் போய் இருந்து கண்ணால்தான் பார்த்தேன்.

ஐந்தாவது சனிக்கிழமை, பின்னேரம், மூடுவதற்குக் கொஞ்சம் முன். யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றம். ஊர் சரி. இறந்தவரின் பெயர் சரி. கீழே மனுதாரர்: அவருடைய விதவை, ஊரோடும் பெயரோடும். அதற்குக் கீழே எதிர்மனுதாரர்களாக நாலு பிள்ளைகள். சண்டை என்று நினைக்க வேண்டாம், வழக்குப் போடும் முறை அப்படி. மூன்றாவது பிள்ளை அம்மம்மாவின் தகப்பன். வயது வராதவர் என்று போட்டிருந்தது.

அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். குடும்பப் பெண்களின் பெயரை இணையத்தில் போடுவது வங்கியின் பாதுகாப்புக் கேள்விக்கு விடை சொல்லிக் கொடுக்கிற மாதிரி. நீங்களும் தேடிக் கண்டதை எல்லாம் ஊருக்குக் காட்டாதீர்கள்.

நிலையத்தில் நின்றே அம்மம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். பெயரைச் சொன்னேன். கேட்கவில்லையாக்கும் என்று இரண்டாம் தரமும் சொன்னேன்.

"கேக்குது," என்றா அம்மம்மா. "அது அக்காவின்ர பேர்."

அம்மம்மாவுக்கு ஒரு அக்கா இருந்ததே எனக்குத் தெரியாது. ஏழு வயதில் காய்ச்சலில் போனவவாம். நம்மில் மூத்த பிள்ளைக்குப் பாட்டன், பாட்டியின் பெயரை வைப்பார்கள். பேரன், பேத்தி என்ற சொல்லே பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்ததுதான். எனக்கு இது படித்துத் தெரிந்த விசயம். பெயர் தெரியாமல் தேடும்போது மூத்த பேரப்பிள்ளைகளின் பெயரைக் கேள் என்று யாராவது முதலே சொல்லியிருந்தால் ஐந்து சனிக்கிழமை மிஞ்சியிருக்கும்.

"அக்கா செத்தாப் பிறகு அந்தப் பேரை வீட்டில ஒருத்தரும் சொல்லுறேல்லை," என்றா. பிறகு, "ஆச்சி அக்காவை 'என்ர பேர்க்காரி' எண்டுதான் கூப்பிடுறவ. ஏனெண்டு நான் கேக்கேல்லை."

மருமகளின் குடும்ப மரத்தில் இப்போது ஐந்து வரிசை. ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்ததைப் பார்த்துவிட்டு, பிழையா என்று ஆசிரியை கேட்டாவாம்.