எஃகைப் பொடியாக்கும் கார்பன்: ஓர் அரிப்பு ஆய்வின் வரலாறு

1880களின் இறுதியில், இங்கிலாந்தின் வின்னிங்டன் சோடா ஆலையில் வேதியியலாளர் லுட்விக் மோண்டுக்கு ஒரு விசித்திரமான தொல்லை. அம்மோனியம் குளோரைடிலிருந்து குளோரினைப் பிரிக்க அவர் அமைத்த கருவியின் நிக்கல் வால்வுகள் ஆய்வுக்கூடத்தில் ஒழுங்காக வேலை செய்தன. ஆலைக்கு வந்ததும் கசிந்தன. கழற்றிப் பார்த்தால் நிக்கலின் மேல் கறுப்பாக ஒரு படிவு. ஆய்வுக்கூடத்தில் கருவிக்குள் செலுத்தப்பட்டது சுத்தமான கார்பன் டை ஆக்சைடு. ஆலையிலோ சுண்ணாம்புச் சூளை வாயு. அதில் கலந்திருந்த சிறிதளவு கார்பன் மோனாக்சைடுதான் கரியாகப் படிந்திருந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துப் போன மோண்டும் அவருடன் பணியாற்றிய லாங்கர், குவின்கே ஆகியோரும், நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்த நிக்கல் கார்பனைலைப் பற்றி 1890-இல் அறிவித்தனர். நிக்கலைச் சுத்திகரிக்க ஒரு புதிய வழி பிறந்தது; வால்வு கெட்ட கதை பின்னுக்குப் போனது.

அதே வகைக் கரி, 1940களில் அமெரிக்க எண்ணெய்த் தொழிலில் பெரிய அளவில் தலைகாட்டியது. ஹைட்ரோகார்பன் வாயுக்களைச் சூடாக்கும் எஃகுக் குழாய்களில் குழிகள் விழுந்தன. குழிக்குள் இருந்தது துருவல்ல. கரியும் நுண்ணிய உலோகத் துகளும் கலந்த கறுப்புப் பொடி. ஓடும் வாயு அதை அடித்துக்கொண்டு போக, குழாய்ச் சுவர் மெலிந்து ஓட்டையானது. காம்ப், பிலிப்ஸ், கிராஸ் ஆகியோர் 1946-இல் வெளியிட்ட கட்டுரை, வாயுவில் கந்தகச் சேர்மங்களைக் கலந்தால் சேதம் நிற்கிறது என்றது. காரணம் விளங்குவதற்கு முன்பே மருந்து கிடைத்துவிட்டது. தொழில் வட்டாரத்தில் இந்த அரிப்புக்கு 'மெட்டல் டஸ்டிங்' என்ற பெயர் நிலைத்தது.

காரணத்தைத் தேடியவர்களில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் ஹோக்மன் முக்கியமானவர். 1990களில் டுசல்டார்ஃபின் மாக்ஸ் பிளாங்க் இரும்பு ஆய்வு நிறுவனத்தில் கிராப்கே, ஹோக்மன் தந்த விளக்கத்தை விரித்தெடுத்தார். வாயுவிலிருந்து வரும் கார்பன் இரும்புக்குள் அளவுக்கு மீறிக் கரைகிறது. மேற்பரப்பில் சிமென்டைட் என்னும் இரும்புக் கார்பைடு உருவாகிறது. அதன் மேல் கிராஃபைட் படிந்ததும் சிமென்டைட் நிலைகுலைந்து இரும்பாகவும் கரியாகவும் சிதைகிறது. சிதறிய இரும்புத் துகள்கள் வினையூக்கிகளாக மாறி மேலும் கரியை இழுக்கின்றன. சேதத்தின் விளைபொருளே அடுத்த சேதத்தைத் தூண்டுவதால் அரிப்பு வேகமெடுக்கிறது. நிக்கல் கலவைகளில் வழி வேறு: அங்கே கார்பைடு இடையில் வராமல், கிராஃபைட்டே நேரடியாக உலோகத்துக்குள் வளர்ந்து அதைப் பிளக்கிறது.

கந்தகம் ஏன் வேலை செய்தது என்பதும் இதனால் தெளிவானது. கந்தக அணுக்கள் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு கார்பன் நுழையும் இடங்களை அடைத்துவிடுகின்றன. கிராஃபைட் முளைவிடுவதையும் தடுக்கின்றன. ஆனால் அம்மோனியா, மெத்தனால் ஆலைகளில், இயற்கை வாயுவை நீராவியுடன் சேர்த்து ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடுமாக மாற்றும் ரிஃபார்மர்களில் இருப்பது நிக்கல் வினையூக்கி. கந்தகம் அதற்கு நஞ்சு. எண்ணெய்த் தொழிலின் மருந்தை அங்கே கொண்டுபோக முடியவில்லை.

அந்த ஆலைகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. கார்பன் மோனாக்சைடு உடைந்து கரியாகும் வினை வெப்பத்தை வெளியிடுவது. ஆகவே வாயு ஆற ஆறக் கரி பிரியும் நாட்டம் கூடுகிறது. மிகக் குறைந்த வெப்பத்திலோ வினை மந்தமாகிவிடும். ஆபத்து இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை. ரிஃபார்மரின் அனல் வாயுவைக் குளிர்விக்கும் கொதிகலன் பாகங்கள் அந்த வரம்புக்குள் சிக்குகின்றன. நீராவியைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தப் பார்த்தால், கரி பிரியும் நாட்டம் இன்னும் ஏறுகிறது.

வாயுவை மாற்ற முடியாத நிலையில் கவனம் உலோகத்தின் பக்கம் திரும்பியது. குரோமியம் மிகுந்த கலவையின் மேல் உருவாகும் ஆக்சைடு படலம் கார்பனைத் தடுக்கும். அலுமினியம் சேர்ந்தால் காப்பு இன்னும் வலுக்கும். சுமார் 29 விழுக்காடு குரோமியமும் 3 விழுக்காடு அலுமினியமும் கொண்ட இன்கோனல் 693 என்ற நிக்கல் கலவை இந்த வழியில் வந்தது. ஆனாலும் நல்ல படலம் போர்த்திய கலவைகளிலும் நாளடைவில் அங்கங்கே குழிகள் விழுந்தன.

படலத்தை ஊடுருவிக் கார்பன் எப்படிப் போகிறது? அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் செங், நடேசன் குழுவினர் நுண்ணிய எக்ஸ்-கதிர்க் கற்றையால் படலத்தைத் துருவிப் பார்த்து, 2008-இல் 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் விடையை வெளியிட்டனர். ஆக்சைடுக்குள் நானோ அளவு உலோகத் துகள்கள் ஒன்றையொன்று தொட்டபடி வலையாகப் பரவியிருந்தன. கார்பனுக்கு அதுவே பாதை. அந்த வலை தொடர்ச்சியாக உருவாகாத கலவைகள் அரிப்பை நெடுநாள் தாங்கின. குரோமியமும் அலுமினியமும் எத்தனை விழுக்காடு என்று மட்டும் பார்த்துவந்த கலவை வடிவமைப்பில், படலத்துக்குள் எஞ்சும் உலோகத் துகள்களையும் கணக்கில் எடுக்கவேண்டிய கட்டம் இதோடு தொடங்கியது.