ஓரணாச் சோறு

பள்ளிக்கூடத்துச் சோற்றின் வரலாறு என்றால் நம்மூரில் அது வள்ளல்களின் வரலாறு. தலைவர் ஒருவர் காரில் போனார், ரயில்வே கேட் பக்கம் மாடு மேய்த்த பையனைப் பார்த்தார், ஏண்டா படிக்கப் போகலைன்னு கேட்டார், சோறு போட்டா போறேன்னான் அவன். தலைவர் பெயர் ஊருலகத்துக்கே தெரியும். அந்தப் பையன் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. சோறு கேட்டவர்கள் பக்கம் நின்று இந்தக் கதையைத் திரும்பச் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1920 செப்டம்பர் 16. ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கச் சென்னை மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது. மன்றத் தலைவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர், நம்ம வண்ணாரப்பேட்டைக்காரர். அவர் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது: படிக்க வருகிறவர்கள் ஏழைகள், அதனால் பள்ளியில் எண்ணிக்கை நிற்கவில்லை. மன்றத்தை அசைத்தது இரக்கம் மட்டுமல்ல, காலியாகக் கிடந்த வகுப்பு. பசித்த பிள்ளைகள், தாங்கள் அறியாமலே நடத்திய வேலைநிறுத்தம் என்றே இதைச் சொல்லலாம்.

மேலும் நாலு பள்ளிகளுக்கு இது போனது. ஐந்து பள்ளிகளிலும் 1922-23இல் 811 ஆக இருந்த எண்ணிக்கை 1924-25இல் 1671 ஆனது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாதென்று வெள்ளை அரசு மறுக்க, 1925 ஏப்ரல் 1ஆம் தேதி சோறு நின்றது. பிறகு 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கென்று மறுபடி தொடங்கினார்கள். இந்தச் சோறெல்லாம் மாநகராட்சி எல்லைக்குள்தான். திருவொற்றியூரும் எண்ணூரும் 2011இல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன.

இதே வருஷங்களில் வடசென்னையில் வேறொன்றும் நடந்தது. 1921 பி அண்டு சி மில் வேலைநிறுத்தம். வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் மோதல் மூண்டது. புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன. அரசு ஆதிதிராவிடருக்குச் சலுகை காட்டுகிறது என்று குறைபட்டது நீதிக்கட்சித் தலைமை. எம்.சி. ராஜா 1923இல் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார். ஓரணாச் சிற்றுண்டியைப் பெருமையாக எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. சோறு போட்டதும் உண்மை, குடிசை எரிந்தபோது யார் பக்கம் நின்றார்கள் என்பதும் உண்மை.

1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, ஊரார் கொடுத்த அரிசி பருப்பையும் சேர்த்துக்கொண்டுதான் நடந்தது. 1961 முதல் 'கேர்' மூலமாக அமெரிக்கப் பால்மாவும் மக்காச்சோள மாவும் எண்ணெயும் வந்தன. அங்கே மிஞ்சியது இங்கே தட்டில் விழுந்தது. அந்த மஞ்சள் உப்புமா பற்றிக் கேட்டால், "நல்லாத்தான் இருக்கும், ஆனா எங்களுக்கு என்ன வேணும்னு எவன் கேட்டான்?" என்பார்கள் பெரியவர்கள். எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982 ஜூலை 1இல் கிராமங்களில் தொடங்கி, செப்டம்பர் 15இல் நகரங்களுக்கு வந்தது. அன்றைக்கு நிதிக் கணக்குப் பார்த்து எள்ளி நகையாடியவர்களின் வீட்டுப் பிள்ளைகள் யாரும் அந்த வரிசையில் நிற்கவில்லை.

இனி சத்துக் கணக்கு. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை 450 கலோரி, 12 கிராம் புரதம். ஆறு முதல் எட்டு வரை 700 கலோரி, 20 கிராம். கேட்க நன்றாயிருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு என்பது அளவு. அரிசியிலேயே புரதம் ஏழு கிராம், பருப்பில் நாலு ஐந்து. ஆக, சோறும் சாம்பாருமே பன்னிரண்டைத் தொட்டுவிடும்! முட்டை இல்லாமலே காகிதத்தில் சத்து நிரம்பிவிடுகிறது. முட்டையைத் தட்டுக்குக் கொண்டுவந்தது அரசியல். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று, 1998இல் வாரம் ஒன்று, 2010இல் வாரம் ஐந்து. இந்த அஞ்சு முட்டைக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

2020இல் மாநகராட்சிப் பள்ளிகளின் காலை உணவை அட்சய பாத்திரா அறக்கட்டளையிடம் கொடுத்தார்கள். வெங்காயம், பூண்டு, முட்டை எதுவும் சேர்க்காதது அவர்கள் வழக்கம். எதிர்ப்பு கிளம்பியது. வெங்காயம் இல்லாவிட்டால் கலோரி குறையாது, ஒத்துக்கொள்வோம். ஆனால் உங்கள் அம்மா சமைப்பது தீட்டு என்று அந்தத் தட்டு பிள்ளைக்கு தினம் சொல்லும். அதை அளக்க எந்த அட்டவணையிலும் பத்தி இல்லை.

தொடுவதையும் அட்டவணை அளக்காது. சமையல் வேலையில் தலித்துகளுக்கு முன்னுரிமை கொடு என்றது உச்ச நீதிமன்றம், 2004 ஏப்ரலில். 2018இல் அவிநாசி பக்கம் ஒரு அருந்ததியப் பெண் சமைத்ததைத் தம் பிள்ளைகள் சாப்பிடக்கூடாதென்று சாதி இந்துக்கள் பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் உடனே அந்த அம்மாவைத்தான் இடம் மாற்றினார்கள். போராட்டம் நடந்த பிறகே அந்த உத்தரவு ரத்தானது.

2022 செப்டம்பரில் 1545 பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, சென்னையில் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவற்றில் பெரும்பாலானவை வடசென்னைப் பள்ளிகள். விடியுமுன் காசிமேட்டுக்கும் துப்புரவுக்கும் வீட்டு வேலைக்கும் ஓடுகிற தாய்மார்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தட்டில் உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார். மீன் கிடையாது. காலைத் தட்டில் முட்டையும் கிடையாது. மாட்டுக்கறி என்ற வார்த்தையை எந்தத் திட்டக் கூட்டத்திலும் இதுவரை ஒருத்தரும் உச்சரித்ததாகத் தெரியவில்லை.