மலைச்சாலையும் உறக்கமும்

காமரன் மலையில் தேயிலையும் மோட்டாரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் குடியேறியவை. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் காமரன் என்னும் நில அளவையாளர் அம்மேட்டு நிலத்தைக் கண்டுரைத்தார். ஆயினும் தாப்பாவிலிருந்து சாலை வெட்டப்படும் வரை அது பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1929-இல் ரஸ்ஸல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கியபோது தொழிலாளர் கைகளும், சில கோவேறு கழுதைகளும், பழைய நீராவி உருளை ஒன்றுமே கருவிகளாயிருந்தன என்பர். அத்தோட்டம் கேட்ட முதல் யந்திர இரைச்சல் அவ்வுருளையினுடையதாகவே இருக்கலாம்.

அந்நாளில் லயத்து மக்களை எழுப்பியது பெரட்டு. அது ஒலித்து அடங்கிவிடும். சாலையோ அடங்குவதில்லை. காய்கறி லாரிகள் இரவிலும் இறங்குகின்றன. விடுமுறை நாட்களில் ரிங்லெட்டும் பிரிஞ்சாங்கும் கார்களால் நிறைகின்றன. ஏற்றத்தில் கீழ்க் கியரில் முக்கும் லாரி சமநிலத்து வண்டியைக் காட்டிலும் மிகுதியாய் இரையுமன்றோ?

மலேசிய அரசாங்கம் 1987-இல் மோட்டார் வாகன ஒலிக்கு விதிகள் செய்தது. நல்லதே. ஆனால் அவ்விதிகள் வண்டியைத் தனித்தனியே அளக்கின்றன. உறங்குவோர் காதோ எல்லாவற்றையும் சேர்த்தே கேட்கிறது. வண்டிகள் இருமடங்கானால் ஒலி 3 டெசிபெல் உயரும். உலகச் சுகாதார ஸ்தாபனம் 2018-இல் ஐரோப்பாவுக்கு வகுத்த நெறிப்படி, வீட்டுக்கு வெளியே இரவுச் சாலையொலி சராசரி 45 டெசிபெலுக்குள் இருத்தல் வேண்டும்.

இன்று கொழுந்து பறிப்போரிற் பலர் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாருமாவர். அவர்க்கும் உறக்கம் வேண்டும். சாலையோர லயங்களில் ஒரு முழு இரவு ஒலியை அளந்து, கண்ட எண்ணை மாவட்ட மன்றம் வெளியிடுமாறு நாம் கேட்கிறோம்.