அட்லாண்டாவும் கார்வேட்டிநகரமும்: ஒரு குளிர்பான நிறுவனத்தின் வரலாற்றில் மாங்கூழின் இடம்

வணிக நிறுவனங்களின் வரலாறு தமிழில் பெரும்பாலும் அவற்றைத் தோற்றுவித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. கொக்கோ-கோலா நிறுவனத்தைப் பற்றிய எழுத்துகளும் இதற்கு விலக்கல்ல. அட்லாண்டாவின் மருந்துக்கடை, மறைத்து வைக்கப்பட்ட சூத்திரம், இடை சுருங்கிய கண்ணாடிப் புட்டி ஆகிய மூன்றையும் சுற்றியே அவை அமைகின்றன. ஆனால் அந்நிறுவனம் இந்தியாவில் விற்கும் பானங்களுள் ஒன்றாகிய மாசா, மறைபொருளான சூத்திரத்தால் பெயர் பெற்றதன்று; மாம்பழத்தால் பெயர் பெற்றது. அதற்குரிய பழம் விளையும் முதன்மையான நிலப்பகுதிகளுள் சித்தூர் வட்டாரம் ஒன்று. அவ்வட்டாரத்தைச் சேர்ந்த கார்வேட்டிநகரத்தின் பக்கம் நின்று பார்த்தால் இந்நிறுவனத்தின் வரலாறு எவ்வாறு தோன்றும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

புத்தூருக்கு மேற்கே அமைந்துள்ள கார்வேட்டிநகரம், பழைய வட ஆர்க்காட்டின் பெரிய சமீன்களுள் ஒன்றன் தலைநகராக விளங்கியது. வேணுகோபாலசுவாமி கோயிலாலும், சாரங்கபாணியின் தெலுங்குப் பதங்களாலும், கோவிந்தசாமையாவின் வர்ணங்களாலும் இசை வரலாற்றில் இவ்வூர்ப் பெயர் நிலைபெற்றுள்ளது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது இப்பகுதி அதில் அடங்கியது. மங்கலங்கிழார், ம.பொ.சி. ஆகியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் தீர்ப்பின் வழியாகவும், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தில் இணைந்தன. கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றது. தெற்கே சில கல் தொலைவிலுள்ள பள்ளிப்பட்டுக்கும் இதற்கும் இடையே மாநில எல்லை அமைந்தது. மண்ணும் மழையும் மாமரமும் இரு பக்கமும் ஒன்றே. இவ்வெல்லையைப் பற்றிக் கட்டுரையின் இறுதியில் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

இனி நிறுவனத்துக்கு வருவோம். 1886 மே மாதத்தில் ஜான் பெம்பர்ட்டன் என்ற மருந்தாளர் உருவாக்கிய பாகு, சோடாவுடன் கலந்து ஒரு குவளை ஐந்து சென்ட் விலைக்கு விற்கப்பட்டது. ஆசா கேண்ட்லர் அதனை வாங்கி 1892இல் நிறுவனமாகப் பதிவு செய்தார். இவை யாவரும் அறிந்தவை. அவற்றினும் முதன்மையானதாக இக்கட்டுரையாளர் கருதுவது 1899ஆம் ஆண்டு நிகழ்ச்சியை ஆகும். சட்டனூகா நகரத்து வழக்கறிஞர்களான தாமசு, ஒயிட்ஹெட் என்னும் இருவர் கேண்ட்லரைச் சந்தித்து, இப்பானத்தைப் புட்டியில் அடைத்து விற்கும் உரிமையைக் கேட்டனர். அமெரிக்காவின் பெரும்பகுதிக்கான அவ்வுரிமை ஒரு டாலருக்கு வழங்கப்பட்டது. புட்டித் தொழிலில் கேண்ட்லருக்கு நம்பிக்கை இல்லாமையே இதற்குக் காரணம் என்பர். காரணம் எதுவாயினும், விளைவு பெரிது. சூத்திரமும் பெயரும் மூலப்பாகும் நிறுவனத்திடம் இருந்தன. கட்டடம், எந்திரம், நீர், கூலியாள், வண்டி ஆகிய சுமைகள் அனைத்தும் பிறரிடம் சென்றன. எடையற்றதைத் தான் வைத்துக்கொண்டு எடையுள்ளதைப் பிறரிடம் விடும் இம்முறையே, உலகெங்கும் இந்நிறுவனம் பரவுவதற்கு வழிவகுத்தது எனலாம்.

இந்தியாவில் 1950இல் தில்லியில் முதல் புட்டியடைப்பு ஆலை தொடங்கப்பட்டபோதும் இம்முறையே பின்பற்றப்பட்டது. ஆலை ஓர் இந்தியக் குழுமத்துடையது. மூலக்கலவை அமெரிக்க நிறுவனத்துடையது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் அயல்நாட்டுப் பங்கை 40 விழுக்காடாகக் குறைக்குமாறு கோரியது. 1977இல் சனதா ஆட்சியின்போது, ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், அச்சட்டம் இந்நிறுவனத்தின்மீது கண்டிப்பாகச் செயல்படுத்தப்பட்டது. தொழில்நுட்பத்தைப் பகிர்ந்துகொள்வதைவிட நாட்டை விட்டு வெளியேறுவதையே நிறுவனம் தெரிவு செய்தது. ஆலையை விடத் தயங்காத நிறுவனம் சூத்திரத்தை விட மறுத்தது என்பது இங்குக் கருதத்தக்கது. அது வெளியேறியபின், மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் துணையோடு அரசே ‘டபுள் செவன்’ என்ற பானத்தை வெளியிட்டது. ஆட்சி ஆண்டையே பெயராகச் சூடிய அப்பானம், ஆட்சி மாறியபின் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

அவ்விடத்தை நிரப்பியது பார்லே நிறுவனம். தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் ஆகியவற்றோடு 1976இல் அது வெளியிட்ட மாம்பழப் பானமே மாசா. இப்பானம் நம் பகுதிக்கு முதன்மை உடையதாவதற்குக் காரணம் பழத்தின் வகை. தமிழில் கிளிமூக்கு மாங்காய் என்றும், வணிகர் வழக்கில் பெங்களூரா என்றும், வடபுலத்தில் தோத்தாபுரி என்றும் வழங்கும் வகை இது. இந்தியில் ‘தோத்தா’ என்பதும் கிளியே. கூர்ந்த நுனியால் பெற்ற பெயர் இரு மொழிகளிலும் ஒன்றுபோல் அமைந்துள்ளது. விருந்தில் வைக்கும் பழமாக இதனை யாரும் போற்றுவதில்லை; பங்கனப்பள்ளியும் மல்கோவாவும் பெறும் மதிப்பு இதற்குக் கிடையாது. உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவிப் பள்ளி வாயிலில் விற்கப்படும் காயாகவே பலர் இதனை அறிவர். எனினும் சதை மிகுதி, நார் குறைவு, காய்ப்பு ஒழுங்கு, விலை மலிவு ஆகிய இயல்புகளால் கூழ் எடுப்பதற்கு இதுவே ஏற்றதாயிற்று. சித்தூரிலும் அதன் தெற்கே கிருட்டிணகிரியிலும் மாங்கூழ்த் தொழிற்சாலைகள் பெருகின. சூன், சூலை மாதங்களில் பழத்தைப் பிழிந்து, சூடேற்றி, நுண்ணுயிர் புகாத பைகளில் அடைத்து, இருநூறு கிலோவுக்கு மேல் கொள்ளும் உருளைப் பீப்பாய்களில் வைத்துவிட்டால் அடுத்த கோடை வரையும் கெடாது. பருவத்துக்கு உட்பட்ட பழம் பருவம் கடந்த சரக்காக மாறியது இவ்வாறுதான்.

1993 அக்டோபரில் ஆக்ராவில் கொக்கோ-கோலா மீண்டும் அறிமுகமானது. அதே ஆண்டு பார்லேயின் பானப் பெயர்களை அது விலைக்கு வாங்கியது. மாசாவும் அவற்றுள் ஒன்று. வாங்கப்பட்டது பெயரே என்பதை ஒரு வழக்கு நன்கு விளக்குகிறது. 2008இல் துருக்கி நாட்டில் மாசா என்ற பெயரைப் பதிவு செய்ய நிறுவனம் முயன்றதையொட்டி, முன்னாள் உரிமையாளர் தரப்பான பிஸ்லேரி பழைய ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2009இல் பிஸ்லேரி அப்பெயரை இந்தியாவிலோ ஏற்றுமதிக்கோ பயன்படுத்தக் கூடாது என இடைக்காலத் தடை விதித்தது. வழக்கு முழுவதும் ஓரெழுத்துக் கோவையைப் பற்றியதே. எந்தத் தோப்பையும் பற்றியதன்று.

நீரில் மிதந்து வந்த மாங்காயைத் தின்ற பெண்ணை, அவள் நிறைக்குப் பொற்பாவையும் எண்பத்தொரு களிறும் தருவதாகக் கூறியும் விடாது கொலை செய்த நன்னனைப் பரணர் குறுந்தொகையில் (292) பழிக்கிறார். நன்னனின் உரிமை மரத்தின்மேல் நின்ற உரிமை; மரத்தை விட்டு நீங்கிய காயையும் அது தொடர்ந்து சென்றது. இங்கோ மரமே இல்லாதவரிடம் மாம்பழப் பானத்தின் பெயருரிமை இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே ‘உடைமை’ என்ற சொல்லால் நாம் குறித்து வருகிறோம்.

தோப்பினுள் நிறுவனம் அடியெடுத்து வைத்தது 2011இல்தான். ஜெயின் பாசன நிறுவனத்துடன் சேர்ந்து ‘உன்னதி’ என்னும் திட்டத்தைச் சித்தூர் மாவட்டத்தில் அது தொடங்கியது. மரபான முறையில் பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு நாற்பது மரம் நடுவர். இத்திட்டம் மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் என்ற நெருக்க நடவைப் பரிந்துரைத்தது. ஏக்கருக்கு 674 மரம். சொட்டுநீர்ப் பாசனமும் ஆண்டுதோறும் கிளை கழித்தலும் இதற்கு இன்றியமையாதவை. விரைவில் காய்ப்பு, மிகுந்த விளைச்சல் என்பன இதன் நன்மைகள், அவற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும் கன்று, குழாய், கிணறு ஆகியவற்றில் முதலீட்டின் சுமையும் விலை வீழ்ச்சியின் இடரும் உழவரிடமே தங்குகின்றன. பழத்தை வாங்குவோர் மண்டிக்காரரும் கூழ்த் தொழிற்சாலைகளும். நிறுவனம் வாங்குவது கூழையே. 1899இன் முறை இங்குத் தோப்பு வரை நீண்டுள்ளது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

ஒரு புட்டியில் எவ்வளவு பழம் என்பதும் கேட்கத்தக்க கேள்வி. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பழப்பானம் எனப்படுவதில் பழச்சாறு குறைந்தது பத்து விழுக்காடு இருந்தால் போதும். எஞ்சியதில் பெரும்பங்கு நீரும் சர்க்கரையும். நீரைப் பற்றிய வரலாறு தனியே விரிவது. பாலக்காட்டுப் பிளாச்சிமடையில் 2002 ஏப்ரலில் தொடங்கிய மக்கள் போராட்டமும் 2004 மார்ச்சில் அவ்வாலை நின்றதும் பிறரால் நன்கு எழுதப்பட்டுள்ளன.

2025ஆம் ஆண்டுப் பருவம் மேற்கூறியவற்றைத் தெளிவாக வெளிப்படுத்தியது. விளைச்சல் மிகுந்தது, முந்தைய ஆண்டின் கூழ் தொழிற்சாலைகளில் தேங்கியிருந்தது. கிளிமூக்கு மாங்காயின் விலை கிலோ ஐந்து ரூபாய்க்கும் கீழே சென்றதாகச் செய்திகள் வந்தன. தொழிற்சாலை வாயில்களில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. பழம் வண்டியிலேயே அழுகியது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என நிர்ணயித்தது. அதில் 8 ரூபாயைத் தொழிற்சாலைகளும் 4 ரூபாயை அரசும் தர வேண்டும் என்பது ஏற்பாடு. இக்கணக்கில் உழவர் உண்டு, ஆலை உண்டு, அரசுக் கருவூலம் உண்டு. பானத்தின் பெயரை உடையவருக்கு அதில் இடமில்லை. சட்டப்படி அவர் மாங்காய் வாங்குபவரே அல்லர்.

அதற்கு முந்தைய டிசம்பரில், 2024இல், இந்தியாவிலுள்ள தன் புட்டியடைப்புத் துணை நிறுவனத்தின் தாய் நிறுவனத்தில் 40 விழுக்காட்டை ஜூபிலண்ட் பார்த்தியா குழுமத்திற்கு விற்பதாகக் கொக்கோ-கோலா அறிவித்திருந்தது. இம்முறை எந்தச் சட்டமும் அதனை வற்புறுத்தவில்லை.

அதே 2025 சூன் மாதத்தில், உள்ளூர் உழவரைக் காக்கும் பொருட்டுப் பிற மாநிலத்துக் கிளிமூக்கு மாங்காய் மாவட்டத்துக்குள் வரக்கூடாது எனச் சித்தூர் மாவட்ட நிருவாகம் ஆணையிட்டது. கருநாடக முதல்வர் எதிர்ப்புத் தெரிவித்து ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். மொழி அடிப்படையில் வகுக்கப்பட்ட எல்லைகளில், மாங்காய் ஏற்றிய வண்டிகளைச் சோதிக்கும் சாவடிகள் அமைந்தன. பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தோப்பில் பறித்த காய், 1960க்கு முன்னாயின், அதே மாவட்டத்துக் காயாகவே சித்தூர் மண்டிக்குச் சென்றிருக்கும்.