மக்கள் வாக்கில் யார் மக்கள்?

அமெரிக்காவின் 'பீப்பிள்ஸ் சொய்ஸ்' திரை விருது 1975இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. அப்போது கலப் நிறுவனம் கருத்துக்கணிப்பு நடத்தியே வெற்றியாளரைத் தெரிவு செய்தது. 2005இல் இணைய வாக்கு வந்தது. மக்களைத் தேடிப் போய்க் கேட்ட முறை போய், விரும்பியவர் தேடிவந்து போடும் முறையானது. இதைச் சனநாயகம் என்பார்கள். எனக்குப் பின்னடைவாகவே படுகிறது.

2022இல் ஒஸ்காரும் டுவிட்டரில் 'இரசிகர் விருப்பம்' கேட்டது. ஒரு கணக்கிலிருந்து நாளுக்கு 20 வாக்குகள் போடலாம். அப்படியானால் எண்ணப்பட்டது ஆட்களையா, ஓயாத விரல்களையா? வென்றது சாக் ஸ்னைடரின் 'ஆர்மி ஒஃப் த டெட்'. ஒஸ்காரில் அதற்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. ஆரவாரத் தருணமாக முதலிடம் பெற்றதும் அவரது 'ஜஸ்டிஸ் லீக்' காட்சிதான். அப்படத்தின் அவரது பதிப்பை வெளியிடச் சொல்லி ஆண்டுக்கணக்கில் இணையத்தில் குரல் எழுப்பிப் பழகிய இரசிகர்கள் அவருக்கு இருந்தார்கள். அடுத்த ஆண்டு ஒஸ்காரில் அந்த வாக்கெடுப்பு நடக்கவில்லை.