கிட்டியும் லட்சுமிநரசு செட்டியும்

காஜுலு லட்சுமிநரசு செட்டியை (1806–1868) இந்து சமயக் காவலர் என்ற சிமிழுக்குள் அடைத்துவிடுபவர்கள் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. துணி, அவுரி வியாபாரத்தில் சேர்த்த பணத்தில் 1844இல் அவர் தொடங்கிய 'கிரசண்ட்' பத்திரிகை, பாதிரிமார்களையும் அவர்களுக்குச் சாதகமாக நடந்த சென்னை கவர்னர் ட்வீடேல் பிரபுவையும் ஓயாமல் எதிர்த்தது. மதம் மாறியவருக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை தரும் ஏற்பாட்டையும் எதிர்த்தது. இந்தக் கடைசி நிலைப்பாட்டுக்காக இன்று அவரைப் பாராட்ட முடியாது. ஆனால் அவருடைய அரசியல் அங்கேயே நின்றுவிடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் 1853இல் புதுப்பிக்கப்பட இருந்தது. அதை முன்னிட்டு, அவர் நிறுவிய சென்னை சுதேசிச் சங்கம் 1852இல் பார்லிமெண்டுக்கு அனுப்பிய மனுவில், நிலவரிச் சுமையும் வரி வசூலில் நடந்த கொடுமைகளும் முக்கிய இடம் பெற்றன. கோயிலை விட்டுக் களத்துமேட்டுக்கு வந்துவிட்டது வழக்கு.

சங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் சென்னைப் பட்டணத்துச் செல்வர்கள்தானே, குடியானவனுக்காகப் பேச இவர்கள் யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குடியானவன் கையில் காசில்லாவிட்டால் வணிகருக்கும் நஷ்டம் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சுயநலம் கலந்திருந்ததால் புகார் பொய்யாகிவிடாது. இவர்கள் அதைக் கேள்விப்பட்ட செய்தியாக விட்டுவிடவும் இல்லை. பார்லிமெண்ட் உறுப்பினர் டான்பி சீமூர் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, செட்டியார் அவரைச் சிற்றூர்களுக்கு அழைத்துப்போய், அடிபட்டவர்களின் வாயாலேயே கேட்க வைத்தார். சரக்கைப் பிரித்துக் காட்டிப் பேரம் பேசுகிற வியாபாரியின் வழி அது. 1854இல் விஷயம் பார்லிமெண்டில் எழுந்தது. அந்த ஆண்டே விசாரணைக் கமிஷனும் அமைந்தது. விரல்களை நெரிக்கும் கிட்டியும், கழுத்தைக் காலோடு சேர்த்துக் கட்டிக் குனிய வைக்கும் அண்ணாந்தாளும் 1855இல் அரசாங்க அறிக்கையிலேயே பதிவாயின.

அந்த அறிக்கை பழியையெல்லாம் கீழ்நிலைச் சுதேசிச் சிப்பந்திகள்மேல் சுமத்தி, வெள்ளைக்கார அதிகாரிகளைக் காப்பாற்றிவிட்டது. வசூல் குறைந்தால் யாருடைய வேலைக்கு ஆபத்து என்று அது கேட்கவில்லை. இதை வைத்துச் செட்டியார் தோற்றார் என்று சொல்பவர்கள், சித்திரவதை உண்டு என்று ஒப்புக்கொள்ள வைப்பதே அதுவரை எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். பின்னாளில் சட்டசபையில் அவருக்கு இடம் கிடைத்தது. சேர்த்த செல்வம் மட்டும் சாவதற்குள் கரைந்துபோயிருந்தது.