சாந்த் பீவியின் பெயரில் ஒரு தாதியர் அணி

ஜான்சி ராணிப் படை பற்றிக் கேள்விப்படாதவர் நம்மிடையே குறைவு. தோளில் துப்பாக்கி சாத்தி அணிவகுத்து நிற்கும் பெண்களின் புகைப்படத்தை வாசகர்களிற் பலர் பார்த்திருப்பர். ஆனால் அந்தப் படைக்குள்ளேயே சாந்த் பீவியின் பெயர் தாங்கிய தாதியர் அணி ஒன்று இருந்தது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. பர்மாவில் அந்தப் படை செய்த மிகப் பெரிய வேலை துப்பாக்கியால் நிகழ்ந்ததல்ல, இந்தத் தாதியரின் கைகளால் நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

முதலில் அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சாந்த் பீவி 16ஆம் நூற்றாண்டுத் தக்காணத்தில் பீஜப்பூர், அகமதுநகர் ஆகிய இரு அரசுகளையும் இளவயது மன்னர்களுக்காக ஆண்டவர். 1595இன் இறுதியில் அக்பரின் மகன் முராத் பெரும் படையுடன் அகமதுநகர்க் கோட்டையை முற்றுகையிட்டபோது, அதைக் காத்து நின்றவர் அவரே. மொகலாயர் வெடிவைத்துத் தகர்த்த மதிலை ஓர் இரவுக்குள் நின்று அடைப்பித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சில ஆண்டுகளின் பின் தம் பக்கத்தாராலேயே அவர் கொல்லப்பட்டார்.

இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. அவர் பெயரால் ஓர் அணி பர்மாவில் பணிபுரிந்த அதே காலத்தில், அவர் காத்த அந்தக் கோட்டைக்குள் மௌலானா அபுல் கலாம் ஆசாத்தையும் நேருவையும் ஆங்கிலேயர் சிறைவைத்திருந்தனர். 1942 ஓகஸ்ட்டில் உள்ளே சென்ற அத்தலைவர்கள் 1945 வரை வெளியே வரவில்லை.

1943 ஜூலை 12ஆந் திகதி சிங்கப்பூரில் நடந்த பெண்கள் கூட்டமொன்றில், இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கெனத் தனிப் படை அமைக்கப்போவதாகச் சுபாஸ் சந்திரபோஸ் அறிவித்தார். அதன் பொறுப்பு டொக்டர் லக்சுமி சுவாமிநாதனிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்று, 1940இல் சிங்கப்பூர் சென்று ஏழைத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அவ்வருடம் ஒக்டோபரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சேர்ந்தவர்களிற் பெரும்பான்மையோர் மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். அநேகர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். எந்த நாட்டை மீட்கப் புறப்பட்டார்களோ அந்த நாட்டைக் கண்ணாலும் கண்டிராதவர்கள். படையின் மொத்த எண்ணிக்கை பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், சுமார் 200 பேர் தாதியர் பயிற்சிக்குத் தெரிவாகி சாந்த் பீவி அணியாயினர் என்பது பதிவாகியுள்ளது.

எங்கள் கொடிகாமத்தில் இருந்து இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலாயாவோடு உறவில்லாத ஊரைக் காண்பது அரிது. ஆங்கிலம் படித்த எங்கள் முன்னோர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அங்கே புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் திறைசேரியிலும் எழுதுவினைஞராகப் போனார்கள். திரும்பி வந்து கல்வீடு கட்டியவர்களை ‘மலாயன் பென்சனியர்’ என்று ஊர் அழைத்தது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் கடிதமும் மணியோடரும் நின்றுபோயின. அந்த மூன்றரை வருடத்தை ‘காசு வராத காலம்’ என்றுதான் இங்கு பேசுவார்கள். கடலுக்கு அப்பால் அதே வருடங்களில் நம்மவர் பெண்பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதைப் பேசுவாரில்லை. ஈப்போவில் வாழ்ந்த இலங்கைத் தமிழ்க் குடும்பமொன்றைச் சேர்ந்த ராசம்மா நவரத்தினம், தம் சகோதரி பொன்னம்மாவுடன் இப்படையிற் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினாறு. இன்று என் வகுப்பில் இருக்கும் பெண்பிள்ளைகளின் வயது.

மலாயாவிலிருந்து பர்மாவுக்கு அவர்கள் சென்ற வழியையும் சொல்ல வேண்டும். அது சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் 1943 ஒக்டோபரில் முடித்த மரண இரயில் பாதை. யுத்தக் கைதிகளோடு, தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களும் கொலராவிலும் மலேரியாவிலும் மாண்டு உருவான பாதை அது. யாருடைய துணையோடு விடுதலை தேடினார்களோ, அவர்களாலேயே சொந்த இனத்தவர் சாகடிக்கப்பட்ட தடத்தின் மேல் அந்தப் பெண்கள் பயணம் செய்தார்கள். இந்த முரணை மறைத்துவிட்டு அவர்களைப் புகழ்வது நேர்மையாகாது. தோட்டத்துப் பட்டினியிலிருந்தும் அடக்குமுறையிலிருந்தும் தப்புவதற்காகச் சேர்ந்தவர்களும் இருந்திருப்பர். அதனால் அவர்களின் துணிவு குறைந்துவிடாது.

1944 மார்ச்சில் இம்பால் போர் தொடங்கியது. ஏறத்தாழ நூறு பெண்களைக் கொண்ட ஒரு பிரிவு வட பர்மாவின் மலைநகரான மேமியோவுக்கு அனுப்பப்பட்டது. இம்பால் வீழ்ந்ததும் வங்காளச் சமவெளிக்குள் முதல் அடி வைப்பது தாமே என்று அவர்கள் காத்திருந்தனர். இம்பால் வீழவில்லை. மழை கொட்டிய ஜூலையில் பின்வாங்கும் கட்டளை வந்தது.

அதன் கணக்கை வரலாற்றாசிரியர் இவ்வாறு தருகின்றனர்: போர்முனைக்குச் சென்ற இந்திய தேசிய இராணுவத்தின் முதலாம் டிவிசனைச் சேர்ந்த சுமார் 6,000 பேரில் திரும்பியவர் சுமார் 2,600 பேர். சண்டையில் மடிந்தவர் 400 பேர். நோயாலும் பட்டினியாலும் மடிந்தவர் 1,500 பேர். ஏனையோர் சரணடைந்தனர், அல்லது படையை விட்டு விலகினர். திரும்பிய 2,600 பேரிலும் 2,000 பேரை உடனேயே வைத்தியசாலையிற் சேர்க்க வேண்டியிருந்தது.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒரு கணம் நின்று பார்க்கலாம். குண்டு கொன்றவரைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கினரைக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் பசியும் கொன்றிருக்கின்றன. அப்படியாயின் அந்த யுத்தத்தின் உண்மையான போர்முனை எது? மொனிவாவிலும் மேமியோவிலும் வந்து சேர்ந்த அந்த எலும்புக்கூடுகளை எதிர்கொண்டு பராமரிக்கும் பொறுப்பு இந்தப் பெண்களிடமே விடப்பட்டது. மலேரியாவும் வயிற்றோட்டமும் கண்டவனைக் காப்பாற்றுவதில் மருந்துக்கு அடுத்தபடி பெரியது பணிவிடை. கொதித்தாறிய நீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்ட வேண்டும்; கஞ்சி பருக்க வேண்டும்; மலத்தையும் சீழையும் துடைக்க வேண்டும்; புழு வைத்த புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும்; இதையெல்லாம் மறுநாள் மறுபடியும் செய்ய வேண்டும். இதற்குப் பதக்கம் குத்துவார் எவருமில்லை. படம் பிடிப்பாரும் இல்லை.

1945 பெப்ரவரியில் றங்கூனுக்கு அருகே மியாங்கில் இருந்த இந்திய தேசிய இராணுவ வைத்தியசாலையின் மீது விமானங்கள் குண்டு வீசின. வைத்தியசாலைக்குள் யுத்தம் நுழைவது என்றால் என்ன என்பதை எங்கள் மாவட்டத்தாருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் நோயாளரோடு வைத்தியரும் தாதியரும் ஊழியரும் சுட்டுக் கொல்லப்பட்டதை நாங்கள் அறிவோம். ஆகவேதான், நோயாளியை விட்டு ஓடாமல் நின்ற ஒரு தாதியின் கதை எங்களுக்குத் தூரத்துக் கதையாகப் படுவதில்லை.

1945 ஏப்ரலில் பிரித்தானியப் படை றங்கூனை நெருங்கியது. பர்மாவைச் சேர்ந்த பெண்கள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். மலாயாவிலிருந்து வந்தோர், ஏப்ரல் 24ஆந் திகதி இரவு போஸுடன் நகரை விட்டுப் புறப்பட்டனர். அவர்களுள் முன்னின்றவர் ஜானகி தேவர். கோலாலம்பூரைச் சேர்ந்தவர், வயது இருபது. பகலில் விமானத்துக்கு அஞ்சி மரங்களுக்குள் ஒளிந்தும், இரவில் நடந்தும், கிடைத்தபோது லொறியில் ஏறியும், ஆறுகளைக் கடந்தும், சுமார் மூன்று வாரத்தின் பின் பாங்கொக் சேர்ந்தனர். மேலே விமானம், இருபுறமும் பர்மியக் கெரில்லாக்கள், காலில் கொப்புளம். பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது நடந்த தாக்குதலொன்றில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரு பெண்கள் உயிரிழந்தனர். ஏனையோர் உயிர்தப்பி மலாயா மீண்டனர். லக்சுமி கைதுசெய்யப்பட்டு, 1946 மார்ச்சிலேயே இந்தியா திரும்பினார்.

உயிர்தப்பியவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதே எனக்கு இக்கதையின் முக்கியமான பகுதி. ஜானகி 1946இல் மலாயா இந்தியக் காங்கிரசைத் தொடங்கியோருள் ஒருவரானார், பின்னாளில் மலேசிய மேலவையிலும் இருந்தார், 2014இல் காலமானார். லக்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தபடியே முதுமை எய்தி 2012இல் மறைந்தார். ராசம்மா ஆசிரியையானார். ஆணுக்கொரு சம்பளம் பெண்ணுக்கொரு சம்பளம் என்றிருந்த 1960களில், பெண் ஆசிரியர் சங்கத்தை முன்னின்று நடத்தி, சம வேதனத்துக்காகப் போராடினார். மேமியோவிலும் றங்கூனிலும் பட்ட பாடு அவர்களைப் பழிவாங்கும் மனிதராக்கவில்லை. பிறருக்காக உழைப்பதை ஒரு பழக்கமாக்கிவிட்டது.

அந்தப் படைக்கு ‘இத்திபாக், இஃதிமாத், குர்பானி’ என்பது தாரக மந்திரம். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்பது பொருள். ஆங்கிலேயரை எதிர்த்த ஓர் இந்து அரசியின் பெயரில் படையும், மொகலாயரை எதிர்த்த ஒரு முஸ்லிம் அரசியின் பெயரில் தாதியர் அணியும் அமைந்தன. அந்தப் பெயர்களின் கீழ் உழைத்தவர்களோ வரலாறு எதையும் படிக்க வாய்ப்பில்லாத தோட்டத்துப் பிள்ளைகள். முதற் பெயர் நிலைத்துவிட்டது. இரண்டாவது பெயர் அடிக்குறிப்பாய்ச் சுருங்கிவிட்டது. துப்பாக்கி ஏந்திய பெண்ணை வியப்பாகப் பார்க்கும் நாம், மலச்சட்டி ஏந்திய பெண்ணை அவள் இயல்பாகச் செய்யவேண்டியதைத்தான் செய்கிறாள் என்று கடந்து போய்விடுகிறோம். வரலாற்றை எழுதுபவர்களும் நம்மைப் போன்றவர்களே.

என் மாணவியரிடம் ஜான்சி ராணிப் படையைப் பற்றிப் பேசும்போது நான் முதலிற் சொல்வது அந்த 2,000 பேரைப் பற்றித்தான். அவர்களுள் பிழைத்து வீடு திரும்பிய ஒவ்வொருவனுக்கும் பின்னால், அவன் பெயர் கேட்டறியாத ஒருத்தி இரவு விழித்திருக்கிறாள். உடைந்த மதிலை இரவோடிரவாக அடைப்பித்த அரசியின் பெயர் அவளுக்கு எவ்வகையிலும் பெரிதல்ல.